முகமும் கைகளும்

மலைவாழ் மக்களைப் பற்றிய நாவல் ஒன்று பேச்சுக்கு வந்துவிட்டால், நம் இலக்கிய நண்பர்கள் ‘தொன்மம்’, ‘ஆதி இருள்’ என்னும் இரண்டு சொற்களை உடனே எடுத்துவிடுகிறார்கள். நகரத்திலிருந்து ஒருவன் மலையேறுகிறான். அங்கே தன் நாகரிகத்தின் மேற்பூச்சு உதிரக் காண்கிறான். திரும்பி வந்து உறக்கம் கெடுகிறான். உடனே அதற்கு மகத்தான படைப்பு என்று பட்டம் சூட்டிவிடுகிறோம். அந்த மலையில் அன்றைக்கு யார் வீட்டில் உலை கொதித்தது, எந்த நிலத்தில் என்ன விதைத்திருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. மலை அவர்களுக்கு வாழிடம் அன்று, குறியீடு. இந்தப் பழக்கம் விமரிசனமே அல்ல, வெறும் சோம்பல் என்பது என் கட்சி.

வழக்கை நம்மூர் மலைகளில் வைத்து நடத்தினால் அது சாதி, கட்சி, சிற்றிதழ்க் குழு என்று திசைமாறிவிடும். ஆகவே தொலைவிலுள்ள ஒரு மலைநாட்டை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வடகிழக்கு மூலையில், அப்பலேச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில் இருப்பது ரேபன் கவுண்டி. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 17 ஆயிரம் பேர். இச்சிறு நிலப்பகுதியைப் பற்றி 1972-ஆம் ஆண்டில் இரண்டு ஆக்கங்கள் வெளிவந்தன. ஒன்று திரைப்படம், மற்றது புத்தகம். ஒரே மலை, ஒரே ஆண்டு. இதைவிடப் பொருத்தமான சோதனைக்களம் கிடைக்காது.

திரைப்படம், ஜேம்ஸ் டிக்கி 1970-இல் எழுதிய ‘டெலிவரன்ஸ்’ நாவலைத் தழுவி ஜான் பூர்மன் இயக்கியது. நகரத்து ஆடவர் நால்வர், அணைகட்டி மூழ்கடிக்கப்படவிருக்கும் ஆற்றில் கடைசி முறையாகப் படகோட்ட வருகிறார்கள். மலைவாசிகளின் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார்கள். கொலை செய்து தப்புகிறார்கள். பெரும்பகுதி ரேபன் கவுண்டியை ஒட்டியோடும் சட்டூகா ஆற்றில் படமாக்கப்பட்டது. சிறந்த படம் உட்பட மூன்று ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. டிக்கியே ஷெரிஃப் வேடத்தில் தோன்றினார்.

படத்தில் எல்லோர் நினைவிலும் நிற்பது பாஞ்சோ வாசிக்கும் சிறுவன். அவன் அவ்வூர்ப் பள்ளி மாணவன். பாஞ்சோ வாசிக்கத் தெரியாதவன். தனியாகத் தைத்த சட்டையை அவனுக்கு அணிவித்து, பின்னால் ஒரு வாத்தியக்காரரை மறைந்திருக்கச் செய்து, அவர் கையைச் சட்டைக்கைக்குள் நுழைத்து வாசிக்க வைத்தார்கள். அந்த இசையின் கதையும் இப்படித்தான். மூலமெட்டை 1955-இல் பதிவு செய்த ஆர்தர் ஸ்மித்தின் பெயர் படத்தில் இடம்பெறவில்லை. அவர் நீதிமன்றம் சென்றே தம் உரிமையைப் பெற வேண்டியிருந்தது. மலையிலிருந்து அவர்களுக்கு வேண்டியிருந்தது முகம் மட்டுமே. கைகளோ வேறொருவருடையவை. அரை நூற்றாண்டாக அப்பலேச்சியர் என்றதும் உலகம் நினைத்துக்கொள்வது அந்த முகத்தைத்தான்.

இனி புத்தகத்துக்கு வருவோம். 1966-இல் ரேபன் கேப் பள்ளியில் எலியட் விக்கிங்டன் என்னும் இளம் ஆங்கில ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். பாடத்தில் மனம் ஒட்டாத மாணவர்களைக் கொண்டு ஒரு பத்திரிகை தொடங்கினார். மட்கிய மரத்தில் இருளில் ஒளிரும் பூஞ்சையின் பெயரை அதற்கு இட்டார்கள்: ‘ஃபாக்ஸ்ஃபயர்’. மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு, தங்கள் பாட்டன் பாட்டிமாரிடமும் அண்டை அயலாரிடமும் சென்று உட்கார்ந்தார்கள். அவ்விதழ்களிலிருந்து தொகுக்கப்பட்ட முதல் நூல் 1972-இல் வெளியாகிப் பல லட்சம் பிரதிகள் விற்றது. வரிசையாகத் தொகுதிகள் தொடர்ந்தன.

அதில் என்ன இருக்கிறது? மரக்கட்டைகளின் முனைகளை வெட்டிப் பொருத்தி வீடு எழுப்புவது. குளிர் இறங்கியபின் பன்றியை அறுத்து உப்பிட்டுப் பதப்படுத்துவது. அவரைக்காயை நூலில் கோத்து உலர்த்துவது. மண்ணுக்கு மேல் காய்ப்பதை வளர்பிறையிலும் கிழங்கைத் தேய்பிறையிலும் நடுவது. கள்ளச்சாராயமும் உண்டு. மலைப்பாதையில் சோளத்தைச் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோவதைவிட அதைச் சாராயமாக்கிச் சுமந்தால் ஆதாயம் என்னும் கணக்கு அதன் பின்னே இருந்தது. ‘ஆரி அத்தை’ என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட மூதாட்டி, மாநில எல்லைக்கு அப்பால் வடகரோலினாவில் மரவீட்டில் தனியே வாழ்ந்தவர். அவர் தம் வேலையின் நடுவே, தம் பேச்சு வழக்கிலேயே அந்தப் பக்கங்களில் பேசுகிறார். முகங்களின் புகைப்படங்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முகத்தோடும் ஒரு பெயர் இருக்கிறது, கைவேலை தெரிந்த இரு கைகளும் இருக்கின்றன.

இவ்விடத்தில் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். ‘ஒன்று கலை, மற்றது தகவல் சேகரிப்பு, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?’ என்பார்கள். வைக்கலாம். ‘டெலிவரன்ஸ்’ மோசமான கலை என்று நான் சொல்லவில்லை. அது ஆற்றல் மிக்க கலை. அதனால்தான் அதன் தீங்கும் ஆற்றல் மிக்கது. அக்கதையின் அணையைப் பாருங்கள். ரேபன் கவுண்டிக்கு அணை கற்பனையல்ல. அட்லாண்டா நகருக்கு மின்சாரம் தர 1910-களிலேயே தலூலா ஆற்றைத் தடுத்தார்கள். அருவியின் பேரோசை அடங்கிற்று. 1919-ஐ ஒட்டி எழுந்த ஏரியின் அடியில் பர்ட்டன் என்னும் ஊரே போயிற்று. நகரத்து விளக்குக்காக ஊரை இழந்தவர்கள் மலைவாசிகள். படமோ நகரத்தவரை மலைவாசிகளுக்கு இரையாக்குகிறது. அதில் வரும் நகரத்து நாயகன் ஆற்றுக்காக மனம் வெதும்புகிறான். ஆற்றங்கரையில் வீடிழப்பவருக்காக யாரும் வெதும்புவதில்லை. இது தகவல் பிழையன்று, பார்வையின் பிழை. பார்வையின் பிழை கலைப்பிழையே.

‘படத்தால்தானே சுற்றுலா வந்தது, படகுத்தொழில் பெருகிற்று?’ என்பது இன்னொரு வாதம். உண்மைதான். அவமதிப்பைக் காட்சிக்கு வைத்துப் பிழைக்க நேர்ந்தது அவ்வூரின் சாமர்த்தியம். அதை அவமதித்தவரின் கொடையாகக் கணக்கெழுதுவது நியாயமில்லை.

என் தரப்பின் பலவீனங்களையும் மறைக்க வேண்டியதில்லை. ‘ஃபாக்ஸ்ஃபயர்’ நூல்களை வாங்கியவர்களில் பலர் நகரத்தின்மீது சலிப்புற்று மண்ணுக்குத் திரும்பும் கனவிலிருந்தவர்கள். அவர்களுக்கு அது பழமையின் அழகுப்பொருளாயிற்று. அந்த ‘முன்னோர் மரபு’க்கும் ஒரு முன்கதை உண்டு. ரேபன் கவுண்டி 1819-இல் உருவானதே செரோக்கி மக்களிடமிருந்து பறித்த நிலத்தில்தான். எல்லாவற்றினும் கசப்பானது, 1992-இல் விக்கிங்டன் ஒரு சிறுவனிடம் பாலியல் குற்றம் புரிந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறை சென்றது. குழந்தைகளின் நம்பிக்கைமேல் எழுந்த ஒரு பணிக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

ஆயினும் நடந்ததைக் கவனியுங்கள். ஆசிரியர் வீழ்ந்தார், பத்திரிகை வீழவில்லை. அதற்குப் பிறகும் ரேபன் கவுண்டி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதை நடத்திவந்திருக்கிறார்கள். நூல் வருமானத்தில் வாங்கிய மலைச்சரிவில் பழைய மரவீடுகள் அருங்காட்சியகமாக நிற்கின்றன. ஒரு மேதையின் பார்வையில் மட்டும் நின்றிருந்தால் அந்தப் பணி அவரோடு சரிந்திருக்கும். அது கேட்பவர், சொல்பவர் என்னும் உறவில் நின்றது. பதினாறு வயதுப் பெண் தன் பாட்டியிடம் ‘இதை எப்படிச் செய்வாய்?’ என்று கேட்கும்போது, பாட்டி குறியீடாக இருப்பது நின்றுபோகிறது, ஆசானாகிவிடுகிறாள். ஒரு மக்கள்திரளுக்கு எழுத்து செய்யக்கூடிய முதல் மரியாதை இதுவே.

எல்லோரும் ஒலிப்பதிவுக் கருவியோடு மலையேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளியார் எழுதக்கூடாது என்றும் சொல்லவில்லை. விமரிசகர்களிடம் கேட்பது சிறிய ஒன்றுதான். மலையைப் பற்றிய அடுத்த நாவலுக்கு மதிப்புரை எழுதும் நண்பர், தொன்மத்தையும் ஆதி இருளையும் தேடுமுன், அதில் வரும் மலைவாசிகளில் ஒருவராவது தமக்குத் தெரிந்த ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கிறாரா என்று புரட்டிப் பார்க்கட்டும். ஒருவரும் இல்லையெனில், அந்நாவல் எடுத்துக்கொண்டது அவர்களின் முகத்தை மட்டுமே என்று துணிந்து எழுதட்டும்.