மீன் தொட்டியைக் கலைக்கும்போது

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து வண்ண மீன்களை வளர்க்கும் முறையை எடுத்துரைப்போர் பலர். அதனைக் கலைக்கும் முறையைச் சொல்வாரோ சிலர். உத்தியோக மாற்றம், வீடு மாறுதல், பிள்ளைகளின் பரீட்சை எனத் தொட்டியை எடுத்துவைக்க நேரும் காரணங்கள் பல. காரணம் எதுவாயினும், முதலில் எழும் வினா ஒன்றே: மீன்களை என்ன செய்வது?

கண்டியில் வாழ்வோருக்கு இதற்கோர் எளிய விடை தோன்றக்கூடும். வாவி அருகிலேயே இருக்கின்றது. அங்கே விட்டுவிட்டால் வாயில்லாச் சீவனுக்கு விடுதலை அளித்த புண்ணியமும் சேரும் என எண்ணுவர். இரக்கம் நன்றே. ஆயினும், ஓர் உயிருக்குக் காட்டும் இரக்கம் ஓராயிரம் உயிர்களுக்குக் கேடாய் முடியுமாயின் அதனை அறம் எனலாமா?

வட அமெரிக்காவிற்குரிய அலிகேட்டர் கார் என்னும் மீன் 2021ஆம் ஆண்டில் கண்டி வாவியிற் காணப்பட்டது. முதலையின் மூஞ்சியை ஒத்த நீண்ட வாயும் கூரிய பற்களும் உடைய இது, 2 மீற்றருக்கு மேலும் வளரவல்லது. பிற மீன்களைத் தின்று வாழ்வது. கடல் கடந்து அது தானாக நீந்தி வந்திருக்க இயலாது; மனிதர் கொணர்ந்தமையாலேயே வந்தது.

வாவியில் விட்டது வாவியோடு நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. வாவியின் மிகுநீர் மெத எல வழியாகக் கெட்டம்பேயில் மகாவலி கங்கையை அடைகின்றது. சற்றுக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு உள்ளது. 1976ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து சுரங்க வழியாக உக்குவளைக்குத் திருப்பப்படும் நீர், சுது கங்கை, போவத்தன்ன நீர்த்தேக்கம் ஆகியவற்றைக் கடந்து வடக்கே கலாவாவி வரை செல்கின்றது. நம் வீட்டுத் தொட்டி சிறியது. அதன் வாய்க்கால் மிகப் பெரியது!

தாவரங்களும் இவ்வாறே. பூவின் அழகு கருதி 1905ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொணரப்பட்ட ஆகாயத்தாமரை நீர்நிலைகளில் பரவியமையால், அதனைத் தடுக்க 1909இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

ஆதலின், மீன்களைப் பேணத் தெரிந்த நண்பரிடமோ, ஏற்றுக்கொள்ளும் மீன் கடையிலோ, பாடசாலைத் தொட்டிக்கோ கொடுப்பதே தகும். முதல் நாள் இரை இடாதீர்கள். பையில் மூன்றிலொரு பங்கு தொட்டி நீரும் எஞ்சிய பகுதி காற்றுமாக இருக்கட்டும். நீர்ச்செடிகளை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே எறியவேண்டும். பழைய நீர் பூஞ்செடிகளுக்கு நல்ல உரம். அதனை வடிகாலில் ஊற்றாமல் தோட்டத்து மண்ணில் ஊற்றுக.

இனித் தொட்டியைக் கவனிப்போம். முதலில் மின் இணைப்பை நிறுத்துக. நீர் சூடாக்கி இருப்பின், அது ஆறும்வரை நீரிலேயே விட்டுவைக்கவேண்டும்; இல்லையேல் அதன் கண்ணாடி வெடிக்கும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் நிற்கும் நீர் மட்டுமே ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையுள்ளது. நீரையும் கூழாங்கற்களையும் முற்றாக அகற்றாமல் தூக்கினால் ஒட்டுக்கள் விட்டுப்போகும். கண்ணாடியிற் படிந்த வெண்மையை வினாகிரி போக்கும். சவர்க்காரம் வேண்டாம்; அதன் எச்சம் பின்னர் மீன்களுக்கு நஞ்சாகும். கற்களைக் கழுவி வெயிலிற் காயவைத்துத் தனியே கட்டிவைக்கலாம். தொட்டியைச் சமமான இடத்தில், ரெஜிபோம் தகட்டின் மீது நேராக வைத்து மூடுக. அதன்மேற் பாரம் ஏற்றாதீர்கள்.

மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்க. மீனின் கழிவிலுள்ள அமோனியாவைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் வாழ்கின்றன. வடிகட்டி காய்ந்ததும் அவை மடிந்துவிடும். எனவே மீண்டும் தொட்டி அமைக்கும்போது அவை பெருகச் சில வாரங்கள் பொறுத்திருத்தல் வேண்டும்.

மீன் வளர்ப்பது ஒரு வீட்டின் விருப்பம். அதனைக் கைவிடும் முறையோ ஊரின் நன்மையைச் சார்ந்தது.