கடலடி எழுதிய கணக்கு

பூமியின் வயதை ஒரு புத்தகத்தைப் புரட்டியே சொல்லிவிடலாமென்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. அயர்லாந்து தேசத்துப் பேராயர் அஷர் என்பவர், பைபிளில் வரும் வம்சாவளிகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டதென்று 1650-ல் எழுதி வெளியிட்டார். அது மெய்தானா என்று சோதிக்க வழியென்ன? நம்பு என்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிற்க, வேறொரு கணக்கும் இருக்கிறது. அது ஏட்டில் இல்லை, சேற்றில் இருக்கிறது. சுமார் 45 கோடி வருஷங்களுக்கு முன், இன்றைய வட அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் ஸ்வீடன் முதலிய நாடுகள் அடங்கிய நிலத்துக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு அயாபிடஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் கிரேக்கப் புராணத்திலிருந்து எடுத்ததுதான்; ஆனால் கடல் புராணமல்ல. அக்கடல் மூடிப்போய்விட்டது. அதன் இரு கரைகளிலும் படிந்த சேறு பாறையாகி இன்றும் நிற்கிறது.

அந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்குகளின் இடையிடையே மெத்தென்ற களிமண் பட்டைகள் ஓடுகின்றன. அவை எரிமலைச் சாம்பல். வானத்திலிருந்து கொட்டிய சாம்பல் கடலில் மூழ்கும்போது பருமணிகள் முந்தி அடியில் தங்கும். நுண்தூள் பிந்தி மேலே படியும். நாளடைவில் சாம்பலின் கண்ணாடித் துகள்கள் களிமண்ணாக மாறிவிடும். எரிமலைக்குக் கிட்டப் போகப் போகப் பட்டையின் கனமும் மணியின் பருமனும் கூடும். அமெரிக்காவில் டைக்கி, மில்பிரிக் என்ற பட்டைகள் தென்கிழக்கே போகப் போகக் கனக்கின்றன. எனவே, எரிமலை அழிந்துபோனாலும் அது இருந்த திசை அழியவில்லை.

வயதோ? சாம்பலோடு விழுந்த சிர்க்கான் என்ற மணிக்குள் யுரேனியம் இருக்கிறது. அது ஈயமாக மாறிக்கொண்டே வருகிறது. அதில் பெரும்பங்கான ஒரு வகை பாதியாகக் குறைய 447 கோடி வருஷம் ஆகும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறதென்று அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும்.

இதிலும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மில்பிரிக் பட்டையும், ஸ்வீடனில் ஒரு மீட்டருக்கு மேல் கனமுள்ள கின்னெகுல்லே பட்டையும் ஒரே வெடிப்பின் சாம்பல் என்று 1992-ல் சில அறிஞர்கள் எழுதினார்கள். பிறகு மணிகளை இன்னும் நுட்பமாக அளந்தபோது, இரண்டுக்கும் பத்து லட்சம் வருஷத்துக்கு மேல் வித்தியாசம் இருப்பதாகக் கண்டார்கள். 2013-ல் அதையும் அச்சிட்டார்கள். சொன்னவர் பெரியவராயிற்றே என்று யாரும் அளவுகோலை மறைத்து வைக்கவில்லை. மறுத்தவரைப் பாவி என்று யாரும் தள்ளிவைக்கவுமில்லை.

அஷரின் கணக்குக்கும் இதற்கும் உள்ள பேதம் இதுதான். 45 கோடி என்பது 4004-ஐவிடப் பெரிய எண் என்பதற்காக நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எவனும் அதே கல்லை எடுத்து, அதே மணியை அளந்து, தப்பாயிருந்தால் தப்பு என்று சொல்லலாம் என்பதற்காகவே ஒப்புக்கொள்கிறோம். திருத்துவதற்கு இடங்கொடுக்காத கணக்கு எதுவானாலும், அதை எழுதியவர் யாரானாலும், அது கணக்காகாது, கட்டளையே ஆகும்.