ஆற்றுப்படுத்துவார் யார்?

பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்குத் தான் சென்ற வழியையும், வழியிலுள்ள இடர்களையும், கிடைக்கும் உணவையும், வள்ளலின் இயல்பையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டிற் பாதி இவ்வகையினது. பரீட்சைக்காக இதனை மனனஞ் செய்பவர்கள் கலைப்பீட மாணவராகிய நாம். ஆயின், நம் காலத்துப் பரிசிலாகிய புலமைப்பரிசிலைப் பெற்று மேல்நாடு சென்ற விஞ்ஞான, பொறியியற் பட்டதாரிகளுள் எத்தனை பேர் பின்வருவோனுக்கு வழி கூறினர்? இக்கேள்வி சிலருக்குச் சினமூட்டலாம்; ஊட்டட்டும்.

"திறமையுள்ளவன் எப்படியும் பெறுவான்" என்பது நமது வளாகங்களில் நிலவும் வேதவாக்கு. இந்நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது? 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் பல்கலைக்கழக அனுமதியை ஒட்டியே வருகிறது. உயர்தரப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் கொண்டு பிறர் தீர்மானிப்பர், மாணவன் காத்திருப்பான். (2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. அது உணவுக்கேனும் போதுமா என்பது வேறொரு கட்டுரைக்குரியது.) இவ்வாறு காத்திருக்கப் பழகியவன் பட்டம் பெற்றபின்னும் காத்திருக்கிறான். மேற்படிப்பின் கதவுகளோ காத்திருப்போருக்குத் திறப்பனவல்ல.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். பௌதிகவியல், இரசாயனவியல், பொறியியல் ஆகியவற்றிற் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்வோர் பலருக்கு அத்துறையே கட்டணத்தை நீக்கி, போதனை உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் என்ற முறையிற் படியும் வழங்குகிறது. அதன் பெயர் புலமைப்பரிசில் அன்று. எனவே பத்திரிகையிற் 'புலமைப்பரிசில்' என்ற தலைப்பைத் தேடுபவன் கண்ணில் அது என்றுமே படுவதில்லை. விண்ணப்ப முடிவு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. வகுப்புத் தொடங்குவதோ அடுத்த ஆகஸ்ட் அல்லது செப்டெம்பரில். இறுதியாண்டுப் பரீட்சை முடிந்தபின் விழித்துக்கொள்பவன் ஓராண்டை இழக்கிறான். விண்ணப்பக் கட்டணம் டொலரில். 2022இல் ரூபா வீழ்ந்தபின் நாலைந்து விண்ணப்பங்களே ஒரு குடும்பத்துக்குச் சுமை. கேட்டுக்கொண்டால் அக்கட்டணத்தை விலக்கும் பல்கலைக்கழகங்களும் உள. கேட்கலாம் என்பதை யார் சொல்வது? ஜப்பானிய அரசின் உதவிக்குக் கொழும்பிலுள்ள தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆய்வுத் திட்டமொன்று வேண்டும். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் கட்டணமில்லை. வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைக் காட்டுவதே அங்கு இடர்.

இவை யாவற்றுக்கும் பொதுவாக வேண்டப்படுவது சிபாரிசுக் கடிதம். இவ்விடத்தில் நம் விரிவுரையாளர்களையும் தொடவேண்டியுள்ளது. மாணவனையே எழுதிவரச் சொல்லிக் கையொப்பமிடும் வழக்கம் உதவியன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தலே. அவனது ஆய்வுகூட வேலையை இரண்டாம் ஆண்டிலிருந்தே கண்டறிந்தவரால் மட்டுமே பயனுள்ள கடிதம் எழுத இயலும்.

இவற்றை அறிந்தவர் எவர்? வெளிநாட்டில் மாமன் உள்ளவர். அண்ணன் பொறியியலாளராக உள்ளவர். தலைநகரின் பெரும் பாடசாலைகளிற் பயின்றவர். முல்லைத்தீவிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் வருவோர்க்கு அத்தகைய உறவினர் அரியர். 2013இல் உயர்தரத்தில் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவின் வழி வந்தோர்க்கோ நெடுங்கால மூத்த மாணவப் பரம்பரையே இல்லை. ஆகவே இங்கு தெரிவு செய்யப்படுவது திறமை மட்டுமன்று, உறவும் அயலுமே. 1971இன் தரப்படுத்தலை எதிர்த்து நம் முன்னோர் நுழைவாயிலிற் போராடினர்; அது நியாயமே. வெளிவாயிலில் நிகழும் இச் சத்தமற்ற தரப்படுத்தலைப் பற்றி நாம் ஏன் பேசுவதில்லை?

மக்கள் வரிப்பணத்தில், 1945 முதல் கிடைத்துவரும் இலவசக் கல்வியாற் படித்தவரை வெளியேற்ற நாமே வழிகாட்டுவதா என்று சில தோழர்கள் கேட்பர். எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று இது. ஆயினும் செய்தியை மறைப்பதால் வெளியேற்றம் நிற்பதில்லை. ஏழை மட்டுமே நிற்கிறான். வசதியுள்ளவன் முன்னரே விமானம் ஏறிவிட்டான். மேலும், நமது விஞ்ஞான பீடங்களிற் கற்பிக்கும் கலாநிதிகள் பலர் இவ்வழியே சென்று மீண்டவர்கள். அவர்கள் போகாதிருந்தால் இங்கு யார் கற்பிப்பார்?

இதிற் கலைப்பீட மாணவனுக்கு என்ன அலுவல் என்றும் கேட்கப்படும். ஆய்வுத் திட்டம் என்பது சமன்பாடன்று, உரைநடை. ஒரு கருத்தை ஒழுங்குபட நிறுவுதல் நமது தொழில். மேடைக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆண்டுதோறும் செலவிடும் தமிழ்ச் சங்கம், ஒரு பதிவேட்டைத் தொடங்கட்டும். பரிசில் பெற்ற ஒவ்வொருவரும் நான்கு பக்கம் தமிழில் எழுதவேண்டும்: எந்த மாதம், எந்த ஆவணம், எவ்வளவு செலவு, நேர்முகத்தில் என்ன கேட்டனர் என்று. மறுக்கப்பட்டவர்களும் எழுதவேண்டும், அவர்களின் பக்கங்களே அதிகம் பயன்தரும் என்பது என் எண்ணம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாக முன்வைக்கவுள்ளேன். எதிர்க்க விரும்பும் விஞ்ஞானபீட நண்பர்கள் தவறாது சமுகமளிக்க வேண்டுகிறேன்.