நேரம் தவறக் கூடாத மாத்திரை

விலை ஏறினாலும் நுகர்வு குறையாத பண்டத்துக்குப் பொருளியல் வகுப்பில் உப்பை உதாரணம் காட்டுவது வழக்கம். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா மாத்திரையும் அத்தகையதே. நோய் முற்றியவர் அந்த மாத்திரை இல்லாத நாளில் சட்டைப் பொத்தானைப் போடவும், நாற்காலியிலிருந்து எழவும் பிறர் உதவியை நாட வேண்டியிருக்கும்.

மூளையில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதால் வருவது இந்நோய். லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. போகும் வழியிலேயே அது சிதைந்துவிடாமல் காப்பதற்காகக் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. இம்மருந்து நோயைக் குணப்படுத்தாது; ஆனால், நோயாளியை நடமாட வைக்கும். 1960-களின் இறுதியில் சிகிச்சையில் நிலைபெற்ற இதுவே, உடல் இயக்கக் குறைபாடுகளைத் தணிப்பதில் இன்றும் முதன்மையானது. பூனைக்காலி விதையிலிருந்து இந்த வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது குறித்து, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும் 1937-இலேயே கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

இம்மருந்தின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால் இதற்கு விலை உச்சவரம்பும் உண்டு. ஆயினும், குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் இது எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2019-இல் உலகெங்கும் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக அந்த அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

மாத்திரையின் விலை வேறு, நோயாளியின் செலவு வேறு. லெவோடோபாவின் ஆற்றல் சில மணி நேரமே நீடிக்கும் என்பதால் நாளொன்றுக்குப் பல வேளை உட்கொள்ள வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல வேளைகள் கூடும். சம்பாதிக்கும் திறனோ குறையும். நரம்பியல் மருத்துவரைக் காண நகரத்துக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம், உடன் வரும் மகனோ மகளோ இழக்கும் ஒரு நாள் கூலி ஆகியவற்றுக்கு எந்த ஆணையும் உச்சவரம்பு விதிப்பதில்லை.

மருந்து தடைபடுவதும் சாதாரணமானதல்ல. திடீரென நிறுத்தினால் சிலருக்குக் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, 'இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்ற பதில் இந்நோயாளிகளுக்குப் பொருந்தாது.

உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதே பையில் பார்க்கின்சன் மாத்திரைகளும் தவறாமல் இடம்பெறுவதை அரசு உறுதி செய்ய வேண்டும். நோயைக் கண்டறிவதும் மருந்தின் அளவை மாற்றுவதும் நரம்பியல் மருத்துவரின் பணி. அவர் எழுதித் தந்த மாத்திரையை மாதந்தோறும் வழங்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

நீரிழிவு நோயாளிகளோடு ஒப்பிட்டால் இவர்கள் மிகச் சிலரே. இவர்களுக்காக அரசுக்கு ஆகும் கூடுதல் செலவும் சிறிதே. கைநடுக்கத்தோடு பேருந்துப் படியேற முடியாத முதியவரைத் தேடி மருந்து செல்வதுதான் அத்திட்டத்தின் பெயருக்கும் பொருத்தம்.