எடைக் கணக்கு முதலாளிக்கு எதற்கு?

எடையைக் கண்காணிக்கும் செயலியை விடாமல் பயன்படுத்திய ஊழியர்களுக்கு எடை குறைந்ததாம். ஆகவே எல்லா நிறுவனங்களும் அதைக் கொண்டுவர வேண்டுமாம். இந்த வாதம் அடிப்படையிலேயே ஓட்டை. விடாமல் பயன்படுத்தியவர்கள் ஏற்கெனவே எடை குறைக்க முனைந்தவர்கள். பாதியில் விட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. அமெரிக்கக் கடைத் தொடரொன்றில் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து அப்படி நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஊழியர் உடல்நலத் திட்டம் தொடங்கிப் பதினெட்டு மாதமாகியும் உடல் எடை, ரத்த அழுத்தம், மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அது செயலித் திட்டம் அல்லவே என்பது நியாயமான கேள்விதான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வைப் பாருங்கள்: இரண்டு ஆண்டு முடிவில், உடலில் அணியும் கருவி பெற்றவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். அது இல்லாமல் வழக்கமான ஆலோசனையோடு முயன்றவர்கள் 5.9 கிலோ.

விரும்பியவர் மட்டும் சேரட்டும் என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம், செயலியில் சேராவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதல் காப்பீட்டுக் கட்டணம் என்றார்கள். அவர்களின் 2018 வேலைநிறுத்தத்துக்கான காரணங்களில் அதுவும் ஒன்று; திட்டம் கைவிடப்பட்டது. சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது விருப்பம் என்பதற்கு இடமே இல்லை. ஊழியர் நலத்தில் அக்கறை இருந்தால் ஷிப்ட் நேரத்தையும் கேன்டீன் சாப்பாட்டையும் சரிசெய்யுங்கள். அவர்களுடைய எடையைக் கேட்காதீர்கள்.