பத்தடி உயரம்

அண்மையில் ஓர் இதழில் வந்த கட்டுரையின் ஒரு வாக்கியம் இந்தத் தலையங்கத்தை எழுத வைக்கிறது. கூடைப்பந்தில் எம்பி, வளையத்துக்கு மேலிருந்து பந்தை அறைந்து இறக்கும் ‘ஸ்லாம் டங்க்’ வெறும் காட்சிப்பண்டம், மண்சார்ந்த உடல்மொழி நமக்குக் கபடியிலும் சிலம்பத்திலும்தான் இருக்கிறது என்கிறது அது. சிறிய விஷயம், விட்டுவிடுங்கள் என்றார்கள் நண்பர்கள். விட மனம் வரவில்லை.

இந்த ஆட்டமே இறக்குமதி என்ற வாதத்தை முதலில் முடித்துவிடுவோம். கூடைப்பந்து 1891இல் அமெரிக்காவில் பிறந்தது. அதைக் கற்றுத்தரும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னையில் 1920இல் தொடங்கியது. தமிழில் முதல் நாவல் அச்சேறியது 1879இல். நாவலும் கப்பலேறி வந்த வடிவம்தான். அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் தலையங்கம் எழுதவில்லை.

‘காட்சிப்பண்டம்’ என்ற சொல்தான் உறுத்துகிறது. 1966இல் அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதிப்போட்டியில் டெக்சஸ் வெஸ்டர்ன் அணி ஐந்து கறுப்பு வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கி, வெள்ளையர் மட்டுமே இருந்த கென்டக்கியை வென்றது. மறு ஆண்டே கல்லூரி ஆட்டங்களில் டங்க் தடை செய்யப்பட்டது. காயம் படுகிறது, வளையம் உடைகிறது என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தடையில் இனப் பாகுபாட்டின் வாடை அடிக்கிறது என்று லூ அல்சிண்டர் அன்றே சொன்னார். பின்னாளில் உலகம் கரீம் அப்துல் ஜப்பார் என்று அறிந்தது அவரைத்தான். தடை நீங்க 1976 ஆயிற்று.

புதுக்கவிதை வந்தபோது இங்கே எழுந்த கூச்சலை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. தளை தட்டுகிறது என்றார்கள். பிறகு சேரியிலிருந்து உரைநடை வந்தது, கொச்சை என்றார்கள். தூய்மையின் பெயரால் எழுதப்படும் ஒவ்வொரு விதிக்கும் அடியில், உள்ளே வரக்கூடாத ஓர் உடல் இருக்கிறது.

விதியால் தடுக்க முடியாதபோது சாட்சியம் மறைக்கப்படும். 1984 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஜார்ஜியான் வெல்ஸ், கல்லூரி ஆட்டத்தில் டங்க் செய்த முதல் பெண் ஆனார். அதைப் பதிவு செய்த ஒரே ஒளிநாடா தோற்ற அணியின் பயிற்சியாளரிடம் இருந்தது. அவர் தரவில்லை. உலகம் அந்தக் காட்சியைப் பார்க்க 2009 வரை காத்திருந்தது.

சாட்சியம் என்றதும் எனக்கு எங்கள் தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் நினைவுக்கு வருகின்றன. இருபது வயதில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் அவற்றைப் பார்த்தவன் நான். தருமபுரி தகடூராக இருந்த காலத்துப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. அரசனைப் பாடிய ஓலை அழிந்தது. ஆநிரை மீட்டு விழுந்தவனின் கல் வயலோரத்தில் நிற்கிறது. ஒரு கையில் வில், மறு கையில் வாள், முழங்கால் மடங்கிப் பாயும் கோலம். பாய்ந்தவனின் பாய்ச்சலை அப்படியே நிறுத்திவைத்து, அருகில் அவன் பெயரை வட்டெழுத்தில் வெட்டியது அந்தச் சிற்றூர். இதைவிட மண்சார்ந்த உடல்மொழி எது? எம்பும் உடலைக் கொண்டாடுவது தருமபுரிக்கு அமெரிக்கா கற்றுக்கொடுத்த பாடமல்ல.

அதே மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் வலையில்லாத ஒரு வளையம் இருக்கிறது. மாலையில் பையன்கள் ஓடிவந்து எம்பி அதைத் தொடப் பார்க்கிறார்கள். விரல் எட்டாமல் இறங்கி, மறுபடி ஓடிவருகிறார்கள். சுவரோரம் நின்று பார்க்கும் பெண்பிள்ளைகளை யாரும் கூப்பிடுவதில்லை. பெண்சிசுவைக் காக்க அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்த மாவட்டம் இது. அந்தத் தொட்டிலோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடிய சென்னைப் பெண் அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைப் போன்றவர்கள் அரூரிலும் பாலக்கோட்டிலும் பிறந்திருப்பார்கள். பந்து கைக்கு வரவில்லை.

எது நம் மண்ணுக்குரியது என்று தீர்ப்பு எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தடி உயரத்தில் ஒரு வளையம் மாட்டிக்கொடுங்கள். சுவரோரம் நிற்கும் பெண்பிள்ளையிடம் முதலில் பந்தைக் கொடுங்கள்.