அலை[2, 1] எந்தக் கடல்?

தசராவுக்குக் காளி வேஷம் கட்டும் ஊர் என்றுதான் குலசையைப் பலருக்கும் தெரியும். 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டினார்கள். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டியதில்லை. சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் மிச்சம் பெரிது.

அந்த ராக்கெட்டின் கணக்கிலும் சரி, அதே கரையோரம் மீன் பிடிக்கும் வள்ளத்துக்கான அலை முன்னறிவிப்பிலும் சரி, எண்கள் கட்டம் கட்டமாகத்தான் அடுக்கப்படுகின்றன. அதுதான் மேட்ரிக்ஸ்; பள்ளிப் புத்தகத்தில் அணி. படுக்கையாக இருப்பது நிரை, நிமிர்ந்து நிற்பது நிரல்.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அலை உயரத்தை முன்கூட்டிச் சொல்கிறது. பைத்தான் பழகத் தொடங்கிய ஒரு மாணவி, அப்படி ஒரு கட்டத்திலிருந்து குலசைக் கடலின் எண்ணை மட்டும் எடுக்கப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிரைகள் அட்சரேகை, நிரல்கள் 78.25, 78.50, 78.75 தீர்க்கரேகை. மீட்டர் கணக்கில் உள்ள எண்கள் பயிற்சிக்காக மட்டும்:

8.25 → 1.9, 2.0, 2.1
8.50 → 1.6, 1.7, 1.8
8.75 → 0.9, 1.1, 1.4

குலசைக்குக் கிழக்கே உள்ள புள்ளி இரண்டாம் நிரை, முதல் நிரல். அவள் அலை[2, 1] என்று எழுதுகிறாள். (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும், பலர் முயன்று பார்ப்பதே இல்லை.) வருவது 1.1. அது தூத்துக்குடிக்குக் கிழக்கே உள்ள கடல்! பைத்தான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது. எழுத வேண்டியது அலை[1, 0], விடை 1.6. வள்ளத்தில் நிற்பவருக்கு அந்த அரை மீட்டர் விளையாட்டல்ல.

இது பைத்தானின் கிறுக்குத்தனமும் அல்ல. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதே வசதி என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-லேயே வாதாடி எழுதினார். ஆனாலும் மேட்லேப், ஆர், ஜூலியா எல்லாம் இன்றும் ஒன்றிலிருந்துதான் எண்ணுகின்றன. அங்கே அலை[2, 1] சரியான இடமே (மேட்லேப்பில் அடைப்பு வளைவாக இருக்கும்).

அலை[3, 1] என்று கேட்டிருந்தால் பைத்தான் உடனே பிழை காட்டியிருக்கும். பிழைச் செய்தி ஒருவகையில் நல்ல நண்பன். ஆபத்து, சத்தமில்லாமல் வரும் தப்பான எண்ணில்தான் இருக்கிறது.

அதனால்தான் "என் கோடு வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று கேட்டால் யாராலும் உதவ முடிவதில்லை. ஆயிரம் வரிக் கோப்பை அப்படியே அனுப்பினாலும் இதே கதை. மேலே உள்ளதுபோல மூன்றுக்கு மூன்று கட்டம் ஒன்று போதும். அதோடு தட்டியது என்ன, வந்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, எந்த மொழி என்று சொன்னால் விடை நிமிடத்தில் வரும். "1.6 வர வேண்டும், 1.1 வருகிறது" என்று எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும்.

நிரை முழுதும் வேண்டுமானால், நம்பை நூலகத்தில் அலை[1, :]. நிரல் முழுதும் வேண்டுமானால் அலை[:, 0]. உண்மையான கோப்பைத் திறக்கும்போது இன்னொரு வேலையும் உண்டு. அட்சரேகைப் பட்டியலின் முதல் எண்ணை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். சில கோப்புகள் தெற்கிலிருந்து தொடங்கும், சில வடக்கிலிருந்து.